மாமா பேருள்ளவரே

கம்பளைக் கோவிலில் சகல அர்ச்சியசிஷ்டவர்களின் பிரார்த்தனை சொல்லும்போது, றோசம்மாவின் குரல் ஓரிடத்தில் மட்டும் மற்றவர்களை விட்டு விலகும். இராயப்பரே, சின்னப்பரே, பிலவேந்திரரே என்று எல்லாருடனும் சேர்ந்தே வருவாள். சந்தியாகப்பரின் முறை வந்ததும், "மாமா பேருள்ளவரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பாள். அவளுடைய மாமனாரின் பெயர் சந்தியாகு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது வழக்கமில்லை. கலியாணமாகி வந்த நாள் முதல் அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இதற்காக அர்ச்சியசிஷ்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பினாள். பரலோகத்தில் இருப்பவருக்குப் பூமியிலே ஒரு மருமகள் படும் பாடு தெரியாதா என்ன?

அந்தப் பெயர் ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் நிறைந்திருந்தது. கோவில் வளவில் நின்று "சந்தியாகு" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நெட்டைச் சந்தியாகு, கங்காணி சந்தியாகு, தபால் சந்தியாகு என்று அடையாளம் வைத்திருந்தார்கள். றோசம்மாவின் மாமனார், ரயில் நிலையத்துச் சாமான் கொட்டகையில் வேலை செய்ததால், ரயில் சந்தியாகு. ஆடி மாதத்துத் திருநாளில் குதிரைமேல் வாளோடு அமர்ந்திருக்கும் சந்தியாகப்பரின் சுரூபத்தைத் தூக்கிச் செல்ல, அந்தப் பெயருள்ளவர்களுக்குத்தான் முதல் உரிமை. பெயர்க்காரர்கள் தோள் கொடுத்தாலே சுரூபக் கூட்டைத் தூக்க வேண்டிய ஆட்களில் பாதி நிறைந்துவிடும்.

பிறகு காலம் மாறியது. கண்டியில் பள்ளிக்கூடங்கள் பெருகின. பிள்ளைகள் ஆங்கிலம் படித்துக் கந்தோர்களுக்கும் கடைகளுக்கும் கணக்கெழுதப் போனார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வில்பிரட் என்றும் ஹென்றி என்றும் பெயரிட்டார்கள். நெட்டைச் சந்தியாகுவும் கங்காணி சந்தியாகுவும் தபால் சந்தியாகுவும் கண்ணை மூடினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டில், ஞானோபதேச வகுப்பில் அந்தப் பெயரோடு ஒரு பையன்கூட இல்லை. சுரூபம் தூக்கக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள்.

ரயில் சந்தியாகு இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அவர் எதையும் கேட்டு வாங்குகிற மனிதர் அல்லர். ஆனால் அந்தப் பெயர் தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்று அவர் மனம் தவித்தது வீட்டாருக்குத் தெரியும். அது அவருக்கு வெறும் பெயரல்ல.

அவருடைய தாய் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து தோட்டத்துக்குப் புறப்பட்ட கூட்டத்தோடு, வயிற்றில் பிள்ளையுமாக, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவள். வழியிலே புருஷன் வாந்திபேதியில் போனான். காட்டுப் பாதையில் அவளுக்கு வலி கண்டது. கூட்டம் காத்திருக்கவில்லை. பின்னால் கருவாடு ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தினான். தன் வேட்டியைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றக் கொடுத்தான். பாதிக் கருவாட்டை இறக்கிப் போட்டுவிட்டு, தாயையும் பிள்ளையையும் மாத்தளை வரை ஏற்றி வந்தான். போகும்போது அவன் பெயரை மட்டும் அவள் கேட்டு வைத்துக்கொண்டாள். அவன் பெயர் சந்தியாகு.

அந்தப் பெயரையே அவள் பிள்ளைக்கு வைத்தாள். அவள் மாரியம்மனைக் கும்பிட்டவள். "இது வேதக்காரப் பேராச்சே" என்று தோட்டத்து லயத்துப் பெண்கள் சிரித்தபோது, "அப்படின்னா அந்த வேதம் நல்ல வேதந்தான்" என்றாளாம். சில வருஷங்கள் கழித்துத் தாயும் மகனும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்தக் குடும்பத்தில் பெயர் முதலில் வந்தது. வேதம் அதற்குப் பின்னால் வந்தது.

சந்தியாகுவுக்கு இரண்டு ஆண்மக்கள். மூத்தவன்தான் றோசம்மாவின் புருஷன். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துவிட்டு இளவயதிலேயே இறந்துபோனான். அன்றைக்குச் சொந்தக்காரப் பெண்கள் றோசம்மாவின் காதிலிருந்த கம்மலைக் கழற்ற வந்தார்கள். கிழவர் குறுக்கே வந்து நின்றார். "அது அவ அப்பன் போட்டது. அதுல கைவைக்க உங்களுக்கு என்ன வேலை?" என்று மட்டும் சொன்னார். அந்தக் கம்மல் இன்றும் அவள் காதில் இருக்கிறது.

இளையவன் அமலதாஸ். கண்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. கட்டுக்கலைப் பக்கம் சிறிய வாடகை வீடு. வேலையை விட்ட பிறகு கிழவர் அவனோடுதான் இருந்தார். அவனுக்கு முதற்பிள்ளை ஆணாகப் பிறந்தது. இனி அந்தப் பெயருக்கு இருந்த ஒரே இடம் அந்தத் தொட்டில்தான்.

ஆனால் அமலதாஸ் முன்பே தீர்மானித்திருந்தான். "வில்பிரட்" என்று மனைவி மேபலிடம் சொன்னான்.

மேபல் பிள்ளையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா பேரை வைப்பமேங்க" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? என் பேருக்கு முன்னால உள்ள எழுத்து எந்தப் பேருன்னு பெரிய கிளாக்கர் கேட்டாரு. சொன்னேன். வண்டிக்காரன் பேரு மாதிரி இருக்கேன்னு கந்தோரே சிரிச்சிச்சு."

"வண்டிக்காரன் பேருதானே அது."

அமலதாஸ் தொட்டில் கயிற்றை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "சரி, வச்சிட்டா நீ எப்படிக் கூப்பிடுவ? மாமனார் பேரைச் சொல்ல மாட்டியே. பெத்த பிள்ளைய ஏய், ஓய்னா கூப்பிடப் போற?" என்று கேட்டான்.

அது மேபலைத் தொட்டது. அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கும் ஆசையில்லாமல் இல்லை.

"கண்ணுன்னு கூப்பிட்டுக்கிறேன்" என்றாள் கடைசியில். "அவன் கோவிச்சுக்க மாட்டான். உங்க அப்பா நேத்துத் தொட்டில்கிட்ட நின்னாங்க. பிள்ளைய என்னென்னவோ சொல்லிக் கொஞ்சினாங்க. தன் பேரை மட்டும் சொல்லல. அது எனக்குத் தாங்கலங்க."

அமலதாஸ் கெட்டவனல்லன். எழுந்து வெளியே போய்விட்டு வந்தான். "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றான். குரலில் மகிழ்ச்சி இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டான். வில்பிரட் என்று நினைத்திருந்ததையும் இப்போது அதை விட்டதையும் தகப்பனாரிடம் போய் அவனே சொன்னான். கிழவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று மாலை அவர் சலவை வேட்டியை எடுத்து வெயிலில் உதறிக் காயவைத்ததை மேபல் ஜன்னல் வழியே பார்த்தாள்.

ஞானத்தாயாக இருக்க றோசம்மா கம்பளையிலிருந்து காலை ரயிலில் வந்தாள். ஞானத்தகப்பன், அமலதாஸோடு வேலை செய்யும் ஹென்றி. பிள்ளை பெற்ற மேபல் வீட்டில் இருக்க, மற்றவர்கள் பூசை முடியும் நேரத்துக்குக் கோவிலுக்குப் போனார்கள். றோசம்மா ரயிலில் வரும்போது விசுவாச மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள். எங்கே தப்பினாலும் ஞானஸ்நானத்தில் தப்பக் கூடாது என்று அவளுக்குப் பயம். என்ன பெயர் என்பதைப் பற்றி அந்த வீட்டில் எல்லாரும் யோசித்தார்கள். அதை யார் வாயால் சொல்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கோவில் வாசலில் பங்குச் சாமி வந்து நின்றார். இத்தாலி தேசத்தவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பிள்ளையை ஏந்தியிருக்கும் ஞானத்தாய்தான் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

றோசம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. இரண்டடி தள்ளி, சலவை வேட்டியோடு மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பேர், அம்மா?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. அவர் முகத்துக்கு நேரே, அவர் பெயரை, கோவில் வாசலில் வைத்து எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி விடுவது? "மாமா பேருங்க சாமி" என்றாள், மூச்சுக்குள்ளே.

சாமிக்கு விளங்கவில்லை. "மாமா? அது ஒரு பேரா?"

ஹென்றி சிரிப்பை அடக்கப் பார்த்தான். "மதினிக்கு மறந்துபோச்சு போல" என்று அமலதாஸின் காதில் சொன்னான்.

அமலதாஸ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். இப்போது அவன் வில்பிரட் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாமி அதையே எடுத்துக்கொள்வார். யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த வார்த்தை அவன் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவன் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தான்.

கிழவர் அவனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய பிடி இறுகுவதையும், அதனால் பிள்ளை சிணுங்கத் தொடங்குவதையும், பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்ப்பதையும் பார்த்தார். ஓர் அடி முன்னால் வந்தார்.

"சாமி, கொஞ்சம் பொறுங்க" என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்து, மெதுவாக, "வில்பிரட்டுன்னே சொல்லு தாயி. அது உன் வாயில வரும். அதுவும் நல்ல பேருதான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

றோசம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கம்மலுக்காகக் குறுக்கே வந்து நின்ற அதே முகம். அன்றும் இப்படித்தான், பெரிதாக ஒன்றும் செய்யாதவர் போல நின்றார். அவளுக்கு ஒரு நிமிட வெட்கம் வராமல் இருக்க, அவர் தம் பெயரையே விட்டுக்கொடுக்கிறார். அவள் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"சந்தியாகு" என்றாள்.

சாமிக்குக் கேட்க வேண்டுமென்று உரத்துச் சொன்னாள் போலும். அது கோவிலுக்குள்ளே பலிபீடம் வரை போயிற்று.

"சொல்லு தாயி" என்றார் கிழவர்.

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. பெயர் சொல்லி அவரை யாராவது கூப்பிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கூப்பிட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பெயர் காதில் விழுந்ததும் பதில் தானாக வந்துவிட்டது. ஹென்றி இம்முறை சிரிப்பை அடக்கவில்லை, சாமியும் சேர்ந்துகொண்டார். றோசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கிழவர் கண்ணைத் துடைத்தபடியே, "இல்ல சாமி, எனக்கில்ல, பிள்ளைக்கு" என்றார்.

பிறகு ஏதோ நினைத்தவராய், "இன்னொரு பேரும் கூடச் சேத்துக்கலாமா சாமி? வில்பிரட்டுன்னு. என் மகன் ஆசைப்பட்ட பேரு" என்றார்.

"எதுக்குப்பா?" என்றான் அமலதாஸ்.

"நீ எனக்காக விட்ட. பள்ளிக்கூடத்துல அது கெடக்கட்டும். வீட்டுல இது இருக்கட்டும்."

அமலதாஸ் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். சற்று முன்பு தன் நாக்கின் நுனியில் நின்றது என்னவென்று அவன் சொல்லவில்லை. கடவுளுக்குத் தெரியும், ஒருவேளை தகப்பனாருக்கும் தெரிந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஹென்றிதான் நடந்ததையெல்லாம் மேபலுக்கு நடித்துக் காட்டினான். அவள் சிரித்தாள், பிறகு, "அக்கா சொல்லிட்டாங்களா? நிசமாவே சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இனிமே நீயும் சொல்லு" என்றார் கிழவர். "பிள்ளைய அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. அது எனக்கு மரியாதைக் குறைச்சலுன்னு யாராவது சொன்னா எங்கிட்ட அனுப்பு. ஒரு வண்டிக்காரனுக்கு நன்றி சொல்ல வேற வழி தெரியாம எங்க ஆத்தா வச்ச பேரு அது. வாயில வராம பூட்டி வைக்கவா வச்சா?"

மேபலுக்கு வெட்கம் விடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில், திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மிகத் தாழ்வாக, ஒரே பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்ப்பது கேட்டது. வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்த கிழவர் இம்முறை பதில் சொல்லிவிடாமல் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பளைக் கோவிலில், இராயப்பரும் சின்னப்பரும் பிலவேந்திரரும் போன பிறகு, பக்கத்தில் முழங்காலிட்டிருந்த பெண்கள் வழக்கம் போல றோசம்மாவின் பக்கம் காதைச் சாய்த்தார்கள். எல்லாரையும் விட ஒரு நொடி முந்தியே அவள் சொல்லிவிட்டாள்.

"சந்தியாகப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."