ஃபெல்ட் துணியில சூப்பிரண்டு

செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதும்பாங்க. சரி, உயிரோட இருந்தப்ப மட்டும் அந்த மனுஷன் நம்மளைப் பேச விட்டாரா என்ன? அப்புறம் எப்பத்தான் பேசறது? அதனால இப்பவே பேசிடறேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரரைத்தான் சொல்றேன். ஆபீஸ்ல சூப்பிரண்டு. வீட்டுலயும் சூப்பிரண்டுதான். ரிட்டயர் ஆனப்புறம் இன்னும் பெரிய சூப்பிரண்டு. ஒரு விரலை நீட்டி, "உனக்கு என்ன தெரியும்?"ம்பாரு. அவரு வாயில குட் மார்னிங்கே அதுதான். துணி காயப் போட்டா கிளிப்பு கோணல். கதவைச் சாத்தினா சத்தம் ஜாஸ்தி, சாத்தாம விட்டா அதுக்கு ஒரு பாட்டு. ஒருதரம் என் தங்கச்சி அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போக ஒரு பை தைச்சுக் குடுத்தா. அதை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு. ஆபீஸ்ல ஃபைலைத் திருப்பி அனுப்பற மாதிரி அவ மடியிலயே போட்டாரு. "பிரிச்சுட்டு மறுபடி தை." அவளும் உக்காந்து பிரிச்சா. நான் அங்கதான் இருந்தேன், எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "பிரிக்கிறதுதான் பிரிக்கற, பையோட ஏண்டி நிறுத்தற?"ன்னேன். அசடு மாதிரி சிரிச்சா.

போன வருஷம் போய்ச் சேர்ந்தாரு. அப்பாடான்னு நான் மூச்சு விடறதுக்குள்ள, குரல் மட்டும் வீட்டுலயே தங்கிடுச்சுன்னு தெரிஞ்சுது. பையன் தொண்டைக்குள்ள! என் தங்கச்சி மகன்தான். குட்டி சூப்பிரண்டுன்னு நான் மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுவேன். சுரை விதை போட்டா அவரையா முளைக்கும்?

இந்தக் குட்டி சூப்பிரண்டு ஒரு நாள் கட்டிங் மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். பார்க்கப் பிரிண்டர் மாதிரிதான் இருக்கு. உள்ள மை இருக்கற இடத்துல நகக்கண் அளவுக்கு ஒரு பிளேடு. கம்ப்யூட்டர்ல ஒரு படத்தைப் போட்டா, அதை நிறம் நிறமாப் பிரிச்சுக் குடுக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காகிதத்தையோ துணியையோ பசையா இருக்கற ஒரு மேட்ல ஒட்டி உள்ள விட்டா, அந்த வடிவத்துல வெட்டித் துப்பும். அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒட்டினா படம் எழும்பி நிக்கும். அவ்வளவுதான் சங்கதி. ஆனா அவன் குடுத்த விளக்கத்தைக் கேட்டா, மெஷினைக் கண்டுபிடிச்சதே அவன்தானோன்னு தோணும்.

முதல்ல காகிதத்துல ஒரு ஆந்தை செஞ்சான். அடுக்கற வரிசையைத் தலைகீழாப் போட்டுட்டான். ஆந்தையோட கண்ணு ரெண்டும் அது வயித்துக்கு அடியில போயிடுச்சு. "இது மாடர்ன் ஆர்ட், பெரியம்மா"ன்னான். "ஆமாண்டா, பாவம் ஆந்தை, உன்னைப் பார்க்க வேண்டாம்னு கண்ணை ஒளிச்சு வச்சுக்கிச்சு"ன்னேன். அதோட மெஷின் மேல ஒரு பழைய துண்டு விழுந்துச்சு. அவன் அடுத்த பைத்தியத்துக்குப் போயிட்டான்.

அந்தத் துண்டை எடுத்தவ என் தங்கச்சி. அவன் வேலைக்குப் போனப்புறம் எடுப்பா, அவன் வர்றதுக்கு முன்னாடி மூடிடுவா. என்னமோ கள்ளக் காதல் மாதிரி. கம்ப்யூட்டர்ல எதை அமுக்கணும்னு மருமக சொல்லிக் குடுத்தா. மருமக நல்ல பொண்ணு, வாயை மூடிக்கிட்டுப் புருஷனை வேடிக்கை பார்க்கறவ. காகிதத்துல பூ, வீடு, மரத்துக்குப் பின்னால நிலா, இப்படி அடுக்கி அடுக்கி வாழ்த்து அட்டையாப் பண்ணிப் பழகினா. அப்புறம் ஃபெல்ட்டுக்குப் போனா. ஃபெல்ட்டுங்கறது தைக்கற துணி மாதிரி இழை இழையா இருக்காது, அமுக்கின பஞ்சு மாதிரி தடிப்பா இருக்கும். அந்தத் துணியில நரி, மீன், பேத்திக்குத் தலையில மாட்டற பூ, எல்லாம் செஞ்சா. வெட்டி மிச்சமான துணுக்கை ஒண்ணு விடாம ஒரு டப்பாவுல சேர்த்து, ஊசி குத்தி வைக்கிற ஒரு குட்டித் தலைகாணிக்குள்ள திணிச்சுக்கிட்டே இருப்பா. அவளுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. வந்திருந்தா அந்த வீட்டுல எவ்வளவோ தூக்கிப் போட்டிருக்கலாம்.

இப்படி இருக்கறப்ப சூப்பிரண்டோட பழைய ஆபீஸ்காரங்க, ரிட்டயர் ஆனவங்க சங்கம் ஒண்ணு வச்சிருக்காங்க, அதோட தலைவர் இங்க வீட்டுக்கு வந்தாரு. சங்க ரூம்ல சார் படத்தை மாட்டணும், ஒரு நல்ல போட்டோ குடுங்கன்னு கேட்டாரு. குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? நம்மாளு நெஞ்சை நிமிர்த்திட்டான்.

"போட்டோ எல்லாரும்தான் வைப்பாங்க சார். அப்பாவை நான் ஃபெல்ட்ல அடுக்கு அடுக்கா செஞ்சு தர்றேன். இந்த ஊர்ல எவனும் பார்த்திருக்க மாட்டான்."

ஆந்தை செஞ்ச கை!

செஞ்சான். காகிதம் வெட்டற பிளேடை மாத்தக் கூட இல்ல, துணியை அப்படியே மேட்ல போட்டு உள்ள விட்டான். மெஷின் கறகறன்னுச்சு. துணி சுருண்டு, சூப்பிரண்டு நெத்தி போய் உருளையில சுத்திக்கிச்சு. மறுபடி விட்டான், அழுத்தத்தைக் கூட்டி. இந்தத் தடவை துணி, மேட் ரெண்டும் சேர்ந்து கிழிஞ்சு வந்துச்சு. "மெஷினே சரியில்ல, டுபாக்கூர் மெஷின்"ன்னு கத்தினான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

என் தங்கச்சி கதவோரமா நின்னு, "அடியில விறைப்புத் தாளை இஸ்திரி போட்டு ஒட்டிட்டு வெட்டினா சுருளாதுப்பா"ன்னு மெதுவாச் சொன்னா.

"அம்மா, உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு."

அதே விரல். அதே நீட்டு. போட்டோவுல இருந்த மனுஷன் இறங்கி வந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, ஆபீஸ்ல வேலை நிறைய, நீயே முயற்சி பண்ணிப் பாருன்னு அவகிட்டயே தள்ளிட்டான். தள்ளினவன் ஒரு வாலையும் சேர்த்து நீட்டினான்.

"ஆனா ஒண்ணும்மா. யாரு செஞ்சதுன்னு கேட்டா நான்னு சொல்லிடறேன். தலைவர்கிட்ட சொல்லிட்டேன்ல. உன் பேரைச் சொன்னா எவன் நம்புவான்? எங்கயாவது சொதப்பி வச்சுடாதே."

"சரிப்பா"ன்னா.

அவன் போனதும் நான் புடிச்சுக்கிட்டேன். "ஏண்டி, உனக்கு ரோஷமே கிடையாதா?"

 "அக்கா, இந்த வீட்டுல நான் செஞ்சது எதுக்குமே நான் செஞ்சேன்னு பேரு கிடையாது. நல்லா இருந்தா அவங்க சொல்லிக் குடுத்தது. நல்லா இல்லேன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. இது ஒண்ணையாவது நான் செஞ்சேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லணும்னு இருக்கு"ன்னா.

"சொல்லேன்டி!"

"எப்படிக்கா சொல்றது? மைக்கு அவன் கையில இருக்குமே."

 மறுநாளே வேலை ஆரம்பிச்சுது. நான் தினம் போய் உக்காந்துப்பேன், உதவிக்கு இல்ல, குறை சொல்லத்தான். அவ பாட்டுக்குப் புதுசா வாங்கின மேட்ல ஒட்டின பஞ்சையெல்லாம் இடுக்கியால பொறுக்குவா. வெட்டினதும் நான் ஆர்வக்கோளாறுல துணியைப் பிடிச்சு இழுக்கப் போனேன். கையில பட்டுன்னு ஒண்ணு வச்சா.

"துணியை இழுக்கக் கூடாதுக்கா, நீண்டு போயிடும். மேட்டைக் கவுத்துப் போட்டு மேட்டைத்தான் வளைக்கணும். துணி தானா விட்டுக் குடுக்கும்."

அடேங்கப்பா. காலம் பூரா வளைஞ்சவ, இப்ப வேற ஒண்ணை வளைக்கறா.

முதல்ல சாம்பல் நிறப் பின்னணி. அது மேல முகம். அது மேல நிழல் விழற இடமெல்லாம் பழுப்புத் துணி. நெத்திச் சுருக்கம் மூணும் அப்படியே வந்துச்சு, நம்ம மேல எரிஞ்சு விழுந்து விழுந்து உண்டானதாச்சே. அப்புறம் மூக்குக் கண்ணாடி. இடது காதுக்கு மேல இருந்து வழுக்கையைத் தாண்டி வலது காது வரைக்கும் இழுத்து வாரின அந்த நாலு முடி கூட தனித்தனியா வந்துச்சுன்னா பார்த்துக்கோங்க. சீப்பை எடுத்தா வாரலாம் போல இருந்துச்சு. கடைசியா கறுப்புத் துண்டு ஒண்ணு. மீசையும் வாயும் ஒட்டினாப்ல ஒரே துண்டு, சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். அதை ஒரு பாட்டில் மூடியில எடுத்து வச்சா.

மறுநாள் போனேன். படம் மேஜை மேல, சட்டத்துக்குள்ள ஏறி உக்காந்திருக்கு. மூக்குக்குக் கீழ வெறும் சமதரை.

"வாய் எங்கடி?"

"மூடியில இருக்கு."

"ஒட்டலையா?"

"ஒட்டணும்." நாற்காலியைப் பின்னால தள்ளி உக்காந்தா. "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்க்கா. வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு பாரு."

பார்த்தேன். நிஜமாத்தான் இருந்துச்சு. ஃபேன் சத்தம் கேட்டுச்சு. அந்த வீட்டுல ஃபேன் இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"கண்ணாடி போட்டுட்டு முழிச்சுக்கிட்டே இருக்காரு, ஆனா ஒண்ணும் சொல்ல முடியல"ன்னா. நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல மருமக ஓடி வந்து பார்த்தா. பார்த்துட்டு, "அத்தை, இப்பத்தான் மாமா பார்க்கவே நல்லா இருக்காரு"ன்னுட்டுப் போயிட்டா.

சங்கத்துல படம் திறக்கற விழா அன்னிக்குக் காலையில குட்டி சூப்பிரண்டு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்தான். படத்து மேல வெள்ளைத் துணி கட்டி இருந்துச்சு. பிரிச்சுப் பார்ப்பான்னு நினைச்சேன். அம்மா செஞ்சதை அவங்கப்பன் என்னைக்குப் பார்த்தான், இவன் பார்க்க? குறை சொல்லணும்னாத்தானே பார்ப்பாங்க. இன்னிக்கு அது அவன் செஞ்ச படமாச்சே, அதுல ஏது குறை! அப்படியே தூக்கிக் காருக்குள்ள வச்சான். என் தங்கச்சி அவனைப் பார்த்தா, துணியைப் பார்த்தா. உள்ள போய் கைப்பையை எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறினா.

சங்க ரூம்னா பெரிய மாளிகை ஒண்ணும் இல்ல. கால் ஆடற பிளாஸ்டிக் நாற்காலி, பூட்டுத் தொங்கற ஒரு இரும்பு பீரோ, நின்னு போன கடிகாரம். வந்தவங்க எல்லாம் சூப்பிரண்டுகிட்ட வேலை பார்த்தவங்க. அவரு உக்காருன்னு சொல்லாமலே பழகினதாலயோ என்னவோ, பாதிப் பேர் நின்னுக்கிட்டே இருந்தாங்க. தலைவர் பேசினாரு. "கண்டிப்பானவர், ஆனா உள்ளுக்குள்ள தங்கம்"னாரு. உள்ளுக்குள்ளயே வச்சிருந்து என்ன பிரயோஜனம்? ஒரு குண்டுமணி வெளிய எடுத்துக் காட்டினது கிடையாது.

அப்புறம் நம்மாளு மைக்கை வாங்கினான்.

"இந்தப் படத்தோட ஒவ்வொரு அடுக்கையும் என் கையால வெட்டினேன். ஒவ்வொரு துண்டையும் என் கையால ஒட்டினேன். அப்பாவுக்கு ஒரு மகன் செய்யற மரியாதை."

எனக்கு நாக்கு நமநமன்னுச்சு. பக்கத்துல இவ கல்லு மாதிரி உக்காந்திருக்கா. தலைவர் துணியை இழுத்தாரு.

கண்ணாடி இருக்கு. நெத்தி இருக்கு. நாலு முடி இருக்கு. வாய் இல்ல.

 கடைசி வரிசையில தபால் பிரிவுல இருந்த ஒருத்தரு இருமினாரு. இருமல் கொஞ்சம் நீளமாப் போச்சு. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அதைப் பார்த்து இன்னொருத்தருக்கு இருமல் தொத்திக்கிச்சு.

குட்டி சூப்பிரண்டு திரும்பிப் படத்தைப் பார்த்தான். முகம் செங்கல் நிறமாச்சு. மைக் வாய்க்கிட்டயே இருக்கறதை மறந்துட்டான்.

"இது... இதை நான் செய்யல சார்! இது பூரா எங்கம்மா செஞ்சது! வெட்டினது, ஒட்டினது எல்லாம் அவங்கதான்! நான் தொடக் கூட இல்ல! அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

மைக்ல சொன்னான். நாலு பேர் என்ன, மொத்த ரூமுக்கும் கேட்டுச்சு, தெருவுக்கும் கேட்டிருக்கும்.

என் தங்கச்சி எழுந்து நின்னா. புடவையைச் சரி பண்ணிக்கிட்டா.

"ஆமாங்க. நான்தான் செஞ்சேன்."

தலைவர் பாவம், படத்தையும் இவளையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. "ரொம்ப அழகா இருக்கும்மா. அந்த... வாய் மட்டும் விட்டுப் போச்சா?"

"விட்டுப் போகலைங்க." கைப்பையைத் திறந்தா. அந்தப் பாட்டில் மூடியை எடுத்தா. பசை டியூபையும் எடுத்தா. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது, கழுதை எல்லாம் திட்டம் போட்டுத்தான் வந்திருக்கா. "இங்க இருக்கு. ஒட்ட ஒரு நிமிஷம் கூட ஆகாது. அவரு வாயைத் தினம் கேட்டவங்க நீங்களும்தான். மறுபடி வேணும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க, இப்பவே ஒட்டித் தர்றேன்."

ஒருத்தர் செருப்பைப் பார்த்தாரு. ஒருத்தர் நின்னு போன கடிகாரத்துல மணி பார்த்தாரு. தலைவர், உள்ளுக்குள்ள தங்கம்னவரு, பீரோப் பூட்டை ஆராய்ச்சி பண்ணினாரு. எல்லாரும் எல்லாரையும் பார்த்தாங்க, ஒரு கை தூக்கணுமே!

அங்க டைப்பிஸ்டா இருந்த ஒரு அம்மா, கம்பி மாதிரி ஒல்லியா, எழுந்து வந்து படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துச்சு. ஒரு தாளை எத்தனை தரம் திருப்பி அடிக்க வச்சாரோ மனுஷன்.

"வேண்டாம் மேடம். சார் இப்படியே இருக்கட்டும்"னுச்சு. "இந்த முடி எப்படி மேடம் இவ்வளவு மெல்லிசா வெட்டினீங்க?"

அவ்வளவுதான், இவ ஆரம்பிச்சுட்டா. விறைப்புத் தாள், பிளேடு, மேட்டைக் கவுத்துப் போடறது, எல்லாம். சுத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. தலைவர் ஆணியைத் தேடி எடுத்து அவரே படத்தை மாட்டினாரு. டீயும் பிஸ்கட்டும் வந்துச்சு. குட்டி சூப்பிரண்டு காருக்குள்ள போய் ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். அவனுக்கு டீ யாரும் கொண்டு போகல. மருமக கூட.

மெஷின் மேல இப்ப துண்டு கிடையாது. அவன் வீட்டுல இருக்கறப்பவே ஓட்டறா. அந்த டைப்பிஸ்ட் அம்மா வாராவாரம் வந்து கத்துக்குது.

அந்த வாயை என்னடி பண்ணினேன்னு கேட்டேன். துணுக்கு டப்பாவுல போட்டாளாம், எல்லாத்தோடயும் சேர்ந்து ஊசித் தலைகாணிக்குள்ள போயிடுச்சாம். சொல்லும்போது முகத்தைப் பார்த்தா பால் குடிக்கிற பாப்பா தோத்துடும்.

எனக்குத் தைக்கவும் தெரியாது, வெட்டவும் தெரியாது. ஆனா அந்த வீட்டுக்குப் போறப்பல்லாம் மேஜை மேல கிடக்கற ஊசி எதையாவது எடுத்து, அந்தத் தலைகாணியில நல்லா அழுத்திக் குத்தி வச்சுட்டுத்தான் வர்றேன். ஊசி கண்ட இடத்துல கிடக்கக் கூடாது பாருங்க.