அடுப்படியில் வைத்த தகடு

உண்ணாமலைக்கு வேண்டியதெல்லாம் செவந்தியின் முகம். பெற்ற பிள்ளையின் முகத்தைக் கேட்பது பேராசையா, என்ன? போட்டோ எடுத்தறியாத வீடு. பிள்ளை ஊருணியில் மூழ்கிப் போய் வருஷமாகிறது. நாளை வெள்ளிக்கிழமை, அவளை வீட்டுத் தெய்வமாக, கன்னிச்சாமியாக வைத்துக் கும்பிட வேண்டும். புதுப் பாவாடை சட்டையை வெறுஞ்சுவருக்கு முன்னால் வைத்தா கும்பிடுவது?

புருஷன் ஆத்மநாதன் புதுக்கோட்டையில் டிராயிங் வாத்தியார். செப்புத்தகட்டில் படம் அரித்து அச்செடுக்கும் வித்தையை மதராஸில் கற்றுவந்தவன். தகட்டில் மெழுகு பூசி, விளக்குப் புகையில் கறுப்பாக்கி, ஊசியால் கீறுவான். கீறிய இடத்தைத் திராவகம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றிக் காகிதத்தை அழுத்தினால் படம். ஆனால் செவந்தியை வரைந்தால் என்ன கண்ராவிப் படம்! ஊருணி எழுந்து படியேறி வரும். மீனின் காதில் ஜிமிக்கி தொங்கும். பாவாடை இருக்கும், கழுத்து இருக்கும், கழுத்துக்கு மேலே தண்ணீர் நிற்கும்.

"மூஞ்சி எங்கங்க?"

"கண்ண மூடினா தண்ணிதான் வருது, உண்ணாமல."

"பெத்த புள்ள மூஞ்சி மறந்துபோச்சாக்கும்!"

அப்படிக் கேட்ட நாளில் இருவருக்கும் சோறு இறங்காது.

இன்று விடியற்காலையிலேயே அவன் அடுப்படியில் குந்தி எதையோ கீறினான். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலையில்லாத பிள்ளையை இன்னொரு தரம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. "ஆசாரி வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்" என்று அவசரமாகக் கிளம்பினான்.

சாமி கும்பிடும் வீட்டில் ஒரு சொம்புகூட மங்கிக் கிடக்கக் கூடாது. அண்டா, குடம், விளக்கு எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு வெந்நீர் ஊற்றி, புளியும் சாம்பலுமாகத் தேய்த்தாள். அவன் அடுப்படியில் வைத்துப்போன, கரியேறிய தகட்டையும் எடுத்துவந்து தேய்த்தாள். தகட்டில் விழுந்த கோடு எதற்கும் அழியாது என்று அவனே பெருமையடித்திருக்கிறானே.

அவன் ஆசாரியிடம் வாங்கிய திராவகப் பாட்டிலோடு வந்தான். "அடுப்படியில வச்ச தகடு எங்க?"

"வெளக்கி வச்சிருக்கேங்க."

வழவழவென்று மின்னிய செம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"திராவகத்துல இன்னும் போடலையே. கோடெல்லாம் மெழுகுலதான இருந்துச்சு" என்றான். "காலையில கனவுல வந்தா. மொத தடவையா மொகத்தோட வந்தா. அப்படியே வரைஞ்சு வச்சேன்."

"இன்னொருக்கா வரைங்க!"

அவன் கண்ணை மூடிப் பார்த்தான். இல்லையென்று தலையை ஆட்டினான்.

உண்ணாமலை கொல்லைக்கு ஓடினாள். வாழையடியில் தேங்கிய சாம்பல் தண்ணீரைத் துழாவி, கருத்த மெழுகுத் துணுக்குகளை உள்ளங்கையில் அள்ளிவந்து அவனிடம் நீட்டினாள்.

"இதுல எங்கிட்டாச்சும் இருக்காளா, பாருங்க."