பொருந்திவிட்ட கேபிள்

எங்கள் கம்ப்யூட்டர் அணைவதற்கு முன் ஒரு தடவை விக்கும். ஃபேன் நின்று, மறுபடி சுற்றி, ஒரேயடியாக அடங்கிவிடும். அறையில் கருகல் வாடை நிற்கும். அந்த வாடை வந்தாலே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவேன். உள்ளே இருப்பது என் வீட்டுக்காரரின் குரல்.

தொண்டையில் ஆபரேஷன் செய்தால் பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், இவர் மைக்கும் கையுமாக வாரக்கணக்கில் வாசித்துத் தள்ளினார். அந்தப் பதிவுகளைக் கொடுத்தால் ஒரு கருவி இவர் குரலிலேயே பேசுமாம். நடுநடுவே என்னைத் திட்டியும் பதிந்து வைத்திருக்கிறார், பின்னால் தேவைப்படுமாம். மனிதருக்குக் குசும்பு அதிகம். ஆபரேஷன் முடிந்து வந்து வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்க உட்கார்ந்தால், பாதியில் மெஷின் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் பாதியில்.

உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைதான் கோளாறு, மாற்றினால் சரியாகும் என்று கொழுந்தன் புதுசு வாங்கி வந்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் வாழைப்பழச் சோம்பேறி. முதலில் குரல் இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடேன் என்றேன். அண்ணிக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று சிரித்தான். பழைய பவர் சப்ளையை மட்டும் உருவினான். அதன் கேபிள்கள் டிஸ்க்கிலும் போர்டிலும் செருகியபடியே தொங்கின. அவற்றின் மறுமுனைகளை அப்படியே புதுசில் செருகினான்.

"புதுசுக்குன்னு தனியா கேபிள் வந்திருக்கே, தம்பி?"

"அதான் பொருந்துதே அண்ணி. எதுக்கு இருக்கறத உருவிட்டு மறுபடியும் கோக்கணும்?"

அந்த நேரம் இவர் தூங்கி எழுந்து வந்தார். அந்த மெஷினைத் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்தவர். நாற்காலிக்கடியில் பிரிக்காமல் கிடந்த கேபிள் பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் வெளிறியது. அதை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். கொழுந்தனின் தலை மேஜைக்கடியில் இருந்தது. இவர் இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கே இப்படித்தான் தட்டுகிறார். பதறாத காரியம் சிதறாது, கொஞ்சம் உட்காருங்கள் என்று நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். திமிறினார். விடவில்லை.

"ஆச்சுண்ணா, இதோ" என்று கீழிருந்தபடியே கொழுந்தன் சுவிட்சைப் போட்டான்.

டப்பென்று சின்னதாக ஒரு சத்தம். டிஸ்க் இருந்த இடத்திலிருந்து மெல்லப் புகை வந்தது.

இவர் என்னை உதறிவிட்டு டிஸ்க்கை உருவித் திருப்பினார். அடியில் நகமளவுக்குக் கருகியிருந்தது. கிடைத்த காகிதத்தில் எழுதிக் காட்டினார்: முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அவர் மணிக்கட்டில் என் விரல்கள் அழுந்திச் சிவந்திருந்தன. எனக்கு அழுகைகூட வரவில்லை.

கொழுந்தன் அதை இரண்டு தடவை படித்தான்.

"இது உனக்குத் தெரியும்னா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.