மீன் எண்ணெய் பூசிய கார்

"கவிச்சி அடிக்குதுன்னு சொன்னாரா, துரு இருக்குன்னு சொன்னாரா? ரெண்டும் வேற வேறம்மா."

"ரெண்டும் ஒண்ணுதான்னாரு தம்பி. மேலயே இந்த நாத்தம் நாறுனா அடியில என்னா கதியோன்னாரு. மூணு லச்சத்துக்கு மேல ஒத்தக் காசு பெறாதுன்னுட்டுப் போயிட்டாரு."

"அடியில குனிஞ்சு பாத்தாரா?"

"எங்குட்டு குனிய? வெள்ளை வேட்டியில வந்திருந்தாரு."

கேட்டவன் சிரித்துவிட்டான். அவன் பெயர் சூர்யா. ராமநாதபுரத்துக்காரன். கோயம்புத்தூரில் பழங்கார்களைச் சீராக்கும் பட்டறையில் ஏழு வருடம் கை கறுக்க வேலை பார்த்தவன். இப்போது விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அவனைக் கூப்பிட்டு, இந்த வண்டிக்கு என்ன விலை சொன்னால் நியாயம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். தரகர் அப்துல் குத்தூஸ் சொல்லிவிட்டுப் போன மூன்று லட்சம் மனதில் உறுத்தவே, கீழக்கரை மலிகாவும் அவனைத்தான் வரவழைத்திருந்தாள்.

கொட்டகைக்குள் நின்றது அவள் கணவர் வாவு முகம்மது விட்டுப்போன கார். அறுபத்தேழாம் வருடம் இங்கிலாந்தில் செய்தது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. தெருவில் அதற்குத் 'தலையில்லா வண்டி' என்று பெயர். அவர் படகு வைத்திருந்த சம்மாட்டி. ஒரு வருடம் கடல் இறாலை அள்ளிக் கொடுத்தபோது, வால்பாறையில் ஊரைக் காலி செய்து கிளம்பிய எஸ்டேட்காரர் ஒருவரிடம் அவர் அதை வாங்கினார். மாலை வேளைகளில் மலிகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சேதுக்கரை வரைக்கும் போய்வருவார். முக்காடு காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதிலேயே அவளுக்குப் பாதி வழி போய்விடும்.

அவர் மௌத்தாகி நாலு வருடம் ஆகிறது. ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை. அந்தக் கடமையை அவர் பேரில் வேறொருவர் நிறைவேற்றலாம். ஆனால் அப்படிப் போகிறவர் தன் ஹஜ்ஜை முன்பே முடித்தவராக இருக்க வேண்டும். மலிகா தானும் போக நினைத்தாள். இந்த வருடம் அவள் தங்கையும் தெருப் பெண்கள் இருவரும் கிளம்புகிறார்கள். தனக்கும், அவருக்காகப் போகிறவருக்குமாக எட்டு லட்சம் வேண்டும். குடியிருக்கும் வீடு போக, விற்பதற்கு அவளிடம் இருந்தது இந்தக் கார் ஒன்றுதான்.

"தம்பி, ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றாள். "இது ஹஜ்ஜுக்குப் போற காசு. வாங்குறவுகள ஏமாத்தி ஒரு ரூவா கூட வந்துரக் கூடாது. அதுக்காக இல்லாத கொறையச் சொல்லிக் கொறைக்கவும் வேணாம். உள்ளது என்னமோ அதச் சொல்லுங்க."

"எனக்கும் அதுதாம்மா வேணும். கூட்டிச் சொல்லுன்னு காதுல ஓதுறவுகளத்தான் நெதமும் பாக்குறேன்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தான். மாம்பழ வடிவில், மஞ்சளாக இருந்தது. மலிகா அதை உற்றுப் பார்க்கவும், "எங்க அம்மா ஃபிரிட்ஜுல இருந்தது. இத எடுத்ததுக்கு இன்னும் திட்டுறாங்க" என்றான்.

துரு தின்ற தகட்டில் பட்டி போட்டு அடைத்து, மேலே பெயிண்டு அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கே காந்தம் பிடிக்காது. சூர்யா கதவில் வைத்தான், பிடித்தது. சக்கரத்துக்கு மேல் வளைவில் வைத்தான், பிடித்தது. முன்மூடிக்கு வந்ததும் நின்றான்.

"இந்தப் பெயிண்டு எப்ப அடிச்சீக?"

"போன நோம்புக்கு முன்னாடி. சீட்டுக்கும் புது ரெக்ஸின் போட்டேன். பளபளன்னு இருந்தா வெலை கூடும்ல?"

"பழைய தோலு எங்கம்மா?"

"குப்பையில போட்டாச்சு."

சூர்யா நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "வெளுத்துப் போன பழைய பெயிண்டுக்கும் வெடிச்ச தோலுக்கும்தாம்மா பழைய காரு வாங்குறவுக காசு குடுக்குறது. பளபளப்பு வேணும்னா ஷோரூமுக்குப் போக மாட்டாகளா?"

எண்பதாயிரம் போச்சு என்று அவன் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. நல்லது என்று நினைத்துத் தானே கெடுத்துவிட்டோமே என்று மலிகா புது ரெக்ஸினைத் தடவிப் பார்த்தாள். கடலிலிருந்து முந்நூறு அடி தள்ளியிருக்கும் வீடு. இந்தக் காற்றில் ஜன்னல் கம்பியே ஐந்து வருடம் தாங்காது. மேலேயே இவ்வளவு கழிந்தால், அடியில் என்ன மிஞ்சும்?

சூர்யா சாக்கை விரித்து மல்லாந்து படுத்தான். டார்ச்சோடு காருக்கு அடியில் நகர்ந்து போனான். பிறகு 'டக்' என்று காந்தம் ஒட்டுவது கேட்டது. இன்னொரு 'டக்'. முன்னால், நடுவில், பின்னால், 'டக்' 'டக்' என்று அது நகர்ந்துகொண்டே போக, மலிகாவின் உதடு தன்னை அறியாமல் நபியின் பேரில் ஸலவாத்து சொல்லத் தொடங்கியது.

வெளியே வந்தவனின் விரல்கள் கருந்தேன் நிறத்தில் பிசுபிசுத்தன. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான்.

"மீன் எண்ணெய்! யாரும்மா செஞ்சது இந்த வேலை? அடித்தகடு முழுக்க, மூலை முடுக்கு விடாம, வருசா வருசம் பூசியிருக்காக. அம்பத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆன தகடு, ஒரு ஓட்டை இல்ல. கவிச்சி அடிக்குது, வாஸ்தவந்தான். ஆனா அந்தக் கவிச்சிதான் இந்த வண்டியக் காப்பாத்தியிருக்கு."

"எங்க வீட்டுக்காரர் படகுல இருந்த பாக்கர் காக்கா பூசுனது. வள்ளத்துக்குப் பூசுற எண்ணெய், வாடைக்காத்து தொடங்குறதுக்கு முந்திப் பூசுவாரு. அது நாலு வருசத்துக்கு முந்தி."

"இல்லம்மா. மேல் பூச்சு இன்னும் காயவே இல்ல. இது போன ஐப்பசியில பூசுனது."

மலிகா குனிந்து தானே காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

வாவு முகம்மதின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்களில் சிலர் மூக்கைப் பொத்தினார்கள். அந்த ஆத்திரத்தில் அவள் பாக்கரிடம், "இனிமே இந்த எண்ணெய்ச் சட்டியத் தூக்கிக்கிட்டு இங்கன வராதீக" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். காக்கா என்று அண்ணன் முறையில் அவள் கூப்பிடும் மனிதர், தன்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜித்தாவில் எட்டு வருடம் மீன்பிடிப் படகில் இருந்து, அங்கிருந்தபடியே ஹஜ்ஜை முடித்தவர். ஆனாலும் பேருக்கு முன்னால் ஹாஜி போட்டுக்கொள்ளாதவர். அவர் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு மலிகா கொட்டகையில் சோப்புத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்தாள். வெள்ளி தவறாமல் சாம்பிராணி போட்டாள். நாற்றம் போகவே இல்லை. பழைய நாற்றம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் இரண்டு வாரம் மகள் மின்ஹா வீட்டுக்கு, அபுதாபிக்குப் போய்விடுவாள். கொட்டகைக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. அதன் சாவி பாக்கரிடம் இருந்தது. திருப்பிக் கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சூர்யா பக்கெட்டில் கையைக் கழுவிவிட்டுக் கைபேசியில் கணக்குப் போட்டான். இதே மாதிரி வண்டிகள் கடைசியாகக் கைமாறிய விலை, அதில் பெயிண்டுக்கும் ரெக்ஸினுக்கும் கழிவு, பிரேக் வேலைக்குக் கழிவு, அசல் தகட்டுக்கும் அசல் ஆர்.சி. புத்தகத்துக்கும் கூடுதல். "ஒம்பது லச்சம்" என்றான். "விளம்பரத்துல பத்தே காலுன்னு போடுவோம். பேசிப் பேசி ஒம்பதுக்கு வருவாக."

"ஒம்பதுதான் நாயமுன்னா ஒம்பதுன்னே போடுங்க."

"கொறைச்சுக் கேப்பாகளேம்மா!"

"கேக்கட்டும். கொறைக்க முடியாதுன்னு சொல்லிக்கிறேன். ரெக்ஸின், பெயிண்டு, பிரேக்கு எல்லாத்தையும் எழுதிருங்க. கவிச்சியையும் எழுதுங்க."

"விளம்பரத்துல கவிச்சியா?" என்று சொல்லிக்கொண்டே எழுதினான். கிளம்பும்போது கூலிக்கு மேல் அவள் நீட்டியதை வாங்க மறுத்தான். இனிப்புத் தொதல் பொட்டலத்தை மட்டும் மறுக்கவில்லை.

பத்து நாளில் மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறையாகத் தேடிப் பார்த்தார். எல்லாமே எழுதியிருந்த இடத்தில் இருந்தன. "சொல்லாத கொறை ஒண்ணுகூடக் கிடைக்கலையே" என்று ஏமாந்தவர்போலச் சொன்னவர், கேட்ட ஒன்பதையே கொடுத்தார். போகும்போது, அந்த எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மலிகா கடற்கரைக்கு நடந்தாள். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து பாக்கர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். முகம் மாறியது. இடுப்பில் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"மன்னிச்சுக்கிருங்க தங்கச்சி. வரக்கூடாதுன்னு சொன்ன வீட்டுக்குள்ள வந்தது தப்புத்தான். 'நான் இல்லாட்டியும் வருசத்துக்கு ஒருக்க பூசிரு பாக்கரு'ன்னு சம்மாட்டி சொல்லியிருந்தாக. அவுக சொல்லத் தட்ட முடியல."

"நான் சாவி வாங்க வரல காக்கா."

அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"காரு வித்துருச்சு. ஒம்பது லச்சம். அது நீங்க காப்பாத்திக் குடுத்த காசு. நான் உங்கள அத்தன பேரு முன்னால பேசுனேன். நீங்க எனக்குத் தெரியாம எனக்கே நல்லது செஞ்சிருக்கீக. அல்லாஹ் உங்களுக்கு நெறைய தருவான். என்னால முடிஞ்சது எதுவும் அதுக்கு ஈடாகாது."

"சம்மாட்டி எனக்குச் செஞ்சதுல இது காவாசி இல்ல" என்றார் பாக்கர், மணலைப் பார்த்துக்கொண்டு.

"நான் இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போறேன். இன்னொரு ஆளு போகவும் காசு இருக்கு. உங்க சம்மாட்டி பேருல போகணும். தெரியாத ஆளுக்குக் காசு குடுத்து அனுப்ப எனக்கு மனசு வரல. அவுகளத் தெரிஞ்ச வாயி அங்கன போயி அவுக பேரச் சொல்லணும்."

பாக்கர் நிமிர்ந்தார். இன்னொரு கையில் இருந்த வலை ஊசி நழுவி மணலில் விழுந்தது. அவர் குனியவில்லை.

"உங்க கடமையத்தான் நீங்க முடிச்சிட்டீகளே காக்கா" என்றாள் மலிகா. "அவுகளுக்காக இன்னொரு தடவ போயிட்டு வருவீகளா?"