எங்கே இழுக்கிறது

“பெரிய பொட்டலம் ஒண்ணு குடுங்க. மயோனைஸ் தாராளமா” என்று யோலின் கேட்டபோது, சல்லடைக் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். கேட்டது என் சொந்த மகள். உள்ளே வந்து தானே எடுத்துக்கொள்ளாமல், வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கத்தில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். பெல்ஜியத்தில் லோக்கரன் ரயில் நிலையத்துக்கு எதிரே நானும் என் மனைவி கரீனும் இந்த உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் கடையைத் திறந்தபோது அவள் பிறக்கவே இல்லை. பல் முளைத்த நாளிலிருந்து ஃப்ரைஸ் தின்று வளர்ந்தவள், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு குச்சியைக்கூட வாயில் வைத்ததில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பயம். அன்று ஞாயிறு. திங்கட்கிழமை காலையில்தான் அவளை அளப்பார்கள்.

அளப்பது என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். யோலின் ஆண்ட்வெர்ப்பில் ஆடை வடிவமைப்பு படித்தாள். கடைசி வருடக் கண்காட்சிக்கு நானும் கரீனும் போயிருந்தோம். பொத்தான் போட முடியாத என் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு பையன் செய்த சட்டையின் கைகள் தரையைப் பெருக்கிக்கொண்டு போயின. “இதுல கை எங்க வெளிய வரும்?” என்று சத்தமாகக் கேட்டு கரீனிடம் முறைப்பு வாங்கினேன். ஆனால் யோலினின் கோட்டுகள் எனக்கே புரிந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மாடல் பெண்ணை என் முன்னால் நிறுத்தி அவள் கையை உயர்த்திக் காட்டினாள். “பாத்தீங்களாப்பா, கைய தூக்கினா கோட்டு மேல ஏறல. இருந்த எடத்துலயே இருக்கு பாருங்க.” நான் என் கையைத் தூக்கிப் பார்த்தேன். என் கோட்டு காதுவரை ஏறியது. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பட்டம் வாங்கி ஒரு வருடம் வேலை இல்லை. தன் படங்களும் துணி மாதிரிகளும் வைத்த அந்தப் பெரிய கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஆண்ட்வெர்ப், கென்ட், பிரஸ்ஸல்ஸ் என்று ரயில் ஏறுவாள். பாரிஸிலிருந்து ஒருத்தர் சம்பளம் இல்லாமல் வேலை கற்றுக்கொள்ள வரச் சொன்னார். பாரிஸில் காற்றைக் குடித்தா வாழ்வது? திரும்பி வந்து, பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பின்கட்டில் உட்கார்ந்து என்னோடு கிழங்கு உரிப்பாள். “என்னம்மா சொன்னாங்க?” என்று கேட்டால், “கூப்பிடறேன்னாங்க” என்பாள். யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலோர மேசையைப் பட்டா போட்டு வைத்திருக்கும் வில்ஃப்ரீட், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். “படிச்ச கையில்லயா ரூடி, அதான் கிழங்கை இவ்வளவு மெல்லிசா உரிக்குது” என்பான். எனக்குக் கோபம் வரும். அவளோ சிரித்துவிட்டு அடுத்த கிழங்கை எடுப்பாள்.

அப்புறம் ஒருநாள் ஆண்ட்வெர்ப்பிலிருந்து போன். “அப்பா, வேலை கிடைச்சிடுச்சு.” கடையே அதிரக் கத்தினேன். அப்போது வரிசையில் நின்ற எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டுத்தான் கேட்டேன், என்ன வேலை என்று. பெண்களுக்கான பேண்ட்டும் ஜாக்கெட்டும் தைக்கும் கம்பெனி. அன்னெலீஸ் என்ற தலைமை வடிவமைப்பாளர் பையில் இருந்ததை நாலு பக்கம் புரட்டியிருக்கிறார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, “கொஞ்சம் எழுந்து நில்லேன்” என்றாராம். சுற்றி வந்து பார்த்தாராம். ஒரு பேண்ட்டைக் கொடுத்துப் போட்டு வரச் சொன்னாராம். ஊற்றி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. கடைக்குப் போகும் ஒவ்வொரு உருப்படியையும் முதலில் ஒரு மனித உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் மொத்தமாக வெட்டுவார்களாம். அந்த உடம்புக்குத்தான் அவர்கள் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

“அப்போ நீ டிசைனர் இல்லையா?”

“இல்லப்பா. நான்தான் அளவு.” அவளே தொடர்ந்தாள். “நிரந்தர வேலைப்பா. உள்ள நுழைஞ்சிட்டா, அப்புறம் மெல்ல கட்டிங் மேசைக்குப் போயிடலாம், அங்கதான் வடிவம் போட்டு வெட்டறாங்க.”

நானும் அதைத்தான் நினைத்தேன். கதவு திறந்தால் போதும் என்று. ஆனால் அளவு மாறக் கூடாது. இடுப்பில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. திங்கட்கிழமைதோறும் காலையில் நாடா வைத்து அளப்பார்கள். அன்றோடு என் மகள் என் கடையில் சாப்பிடுவதை நிறுத்தினாள். டப்பாவில் கேரட் கொண்டு வந்து, கொழுப்பு கொதிக்கும் வாசனையில் உட்கார்ந்து முயல் மாதிரிக் கடிப்பாள். வில்ஃப்ரீட் சும்மா விடுவானா? “உன் பொண்ணே தொடாத ஃப்ரைஸை எங்க தலையில கட்டுறியேடா!” நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் வலித்தது.

வேலையைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். நாளெல்லாம் நிற்க வேண்டும், குண்டூசி குத்தும், அவளை நடுவில் நிறுத்திக்கொண்டு அவள் தலைக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை பேண்ட்டின் கால் முழங்காலில் முறுக்கிக்கொண்டது. துணியின் இழை கோணலாகப் போகும்படி பின்பக்கத் துண்டை வெட்டியிருக்கிறார்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அன்னெலீஸ் கோபப்படவில்லை. வாயில் குண்டூசிகளோடு, அன்பாகவே சொன்னாராம்: “எங்க இழுக்குதுன்னு மட்டும் சொல்லு கண்ணு. ஏன் இழுக்குதுன்னு நாங்க பாத்துக்கறோம்.” அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய படுக்கை விரிப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அந்தப் பேண்ட் காலைத் தானே வெட்டித் தைத்தாள். போட்டு நடந்தாள். முறுக்கவில்லை. கரீன் கைதட்டினாள். யோலின் அதை மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

போன கோடையில் அந்தக் கம்பெனி விருந்துக்கு ஃப்ரைஸ் வண்டி வேண்டும் என்று அன்னெலீஸே கூப்பிட்டார். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளுக்கு முதல் நன்மை, கம்பெனி விருந்து எல்லாவற்றுக்கும் எங்கள் வண்டி போகும். அவர்கள் முற்றத்தில் நிறுத்தி, அத்தனை பேருக்கும் வறுத்தேன். மெலிந்த, கறுப்பு உடை அணிந்த மனிதர்கள். பசித்த கழுகுகள் மாதிரி தின்றார்கள். என் மகள் ஒரு கோப்பைத் தண்ணீரோடு ஓரமாக நின்றாள். வாய் நிறைய ஃப்ரைஸோடு அன்னெலீஸ் வண்டிக்கு வந்தார். “உங்க பொண்ணு எங்களுக்குத் தங்கம் சார்! வாங்க, ஒண்ணு காட்டறேன்” என்று உள்ளே அழைத்துப் போனார். வெட்டும் அறை நடுவில் ஒரு பொம்மை நின்றது. யோலினின் உடம்பை அச்செடுத்துச் செய்தது. அதே இடுப்பு, அதே தோள், இடப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருப்பதுகூட. கழுத்தோடு முடிந்துவிட்டது. கழுத்தின் வெட்டுவாயில் ‘யோலின்’ என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். நான் சிரித்து, “அப்படியே இருக்காளே” என்று பாராட்டிவிட்டு வந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளுக்குத் தலை இல்லை. அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, கடைக்குத் திரும்பி வருகிறேன். வெள்ளிக்கிழமை அவள் அன்னெலீஸிடம் போயிருக்கிறாள். கட்டிங் மேசையில் ஒரு நாற்காலி காலியாகிறது. படுக்கை விரிப்பில் தைத்த அந்தப் பேண்ட் காலையும் கொண்டு போயிருக்கிறாள். அன்னெலீஸ் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருக்கிறார். “ஆனா உன்ன அங்க உக்கார வெச்சா, இங்க யாரை நிறுத்தறது? கட்டிங்குக்கு ஆள் கிடைப்பாங்க. இந்த உடம்பு கிடைக்காதே கண்ணு.” இதை அவள் ஞாயிற்றுக்கிழமை கடையில் நின்று சொன்னாள். கேட்டுக்கொண்டே நான் கிழங்கைக் கொதிக்கும் கொழுப்புக்குள், முதல் கொதிக்கு, இறக்கிவிட்டிருந்தேன். கைப்பழக்கம்.

முதல் கொதியில் வெந்ததும் எடுத்து ஆற விட வேண்டும். இரண்டாவது கொதியில்தான் மொறுமொறுப்பு வரும். ஆறும் அந்த இடைவெளியில் அவளோடு வாதாடினேன்.

“ஒரு பொட்டலத்துல இடுப்பு பெருக்காதும்மா. என் அனுபவத்துல சொல்றேன்” என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. “தெரியும். அதான் தினமும் வரப்போறேன்.”

“இடுப்பு பெருத்தா அந்த நாற்காலி உனக்குத்தான்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல.”

“வீட்டுக்குப் போன்னுட்டா?”

“மறுபடி பைய தூக்கிட்டுக் கதவு தட்டுறேன்ப்பா. ஆனா இந்த தடவ, பைல இருக்கறத முழுசா பாத்து முடிக்கற வரைக்கும் யார் சொன்னாலும் எழுந்து நிக்க மாட்டேன்.”

பின்கட்டிலிருந்து கரீன் எட்டிப் பார்த்தாள். “போடாதீங்க ரூடி. பாவம், ஒரு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேலை” என்றாள். நியாயம்தான். அந்த ஒரு வருடமும் சுவரோரம் சாய்ந்து நின்ற கறுப்புப் பையை நானும்தானே பார்த்தேன்? மறுபடி அதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கழுத்து வெட்டுவாயும் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்றது. ஆறிய கிழங்கைப் பார்த்தேன். வெளிறிப் போய், துவண்டு கிடந்தது. கூடையை எடுத்து இரண்டாவது கொதிக்குள் இறக்கினேன். கரீன் உள்ளே போனாள்.

பொன்னிறமாகக் கொட்டி, உப்புத் தூவி, மயோனைஸை அள்ளி வைத்துக் கொடுத்தேன். முதல் குச்சியை ஊதக்கூட இல்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வில்ஃப்ரீட் நிமிர்ந்து பார்த்தான். தன் மேசையின் எதிர் நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினான். யோலின் போய் உட்கார்ந்தாள்.

பொட்டலம் பாதியானபோது பேண்ட்டின் இடுப்புப் பட்டைக்குள் விரலை விட்டு நெளிந்தாள். கம்பெனி பேண்ட், அவளைப் பிடித்து வைத்ததுபோல் தைத்தது.

“எங்கம்மா இழுக்குது?” என்று கேலியாகக் கேட்டேன்.

“ஏன் இழுக்குதுன்னு கேளுங்கப்பா” என்றாள்.

பொத்தானைக் கழற்றி விட்டுவிட்டு, பொட்டலத்துக்குள் கையை விட்டாள். நான் அடுத்த கூடையை நிரப்பினேன்.