வெள்ளிக்கறை

எலுமிச்சம்பழத் தோலால் எவ்வளவு தேய்த்தும் தம்பியின் விரல்களிலிருந்த கறுப்பு போகவில்லை. அந்தக் கைகளில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு, சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னாசியம்மாள் நிமிர்ந்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஆட்டு மூளை நரம்புக்குச் சாயமேற்ற ஸ்தனிஸ்லாஸ் பதினோரு வருஷம் புழங்கிய வெள்ளி உப்பின் கறை அது. நேற்று நெஞ்சுவலியில் ஆள் போய்விட்டான். கறை அப்படியே இருந்தது.

நாலு மணிக்குக் கோயிலிலிருந்து சாமியார் வருவார். அதற்கு முன்பே மதுரையிலிருந்து பேராசிரியர் சபாபதி காரில் வந்துவிட்டார். தம்பி வேலை பார்த்த கல்லூரியின் துறைத்தலைவர். மாலையைப் போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"என் ஆராய்ச்சியில எனக்குக் கைத்துணையா இருந்தவர். ஆட்டு மூளையைப் பத்தி நான் எழுதின பதினாலு கட்டுரையை உலகம் பூரா நாப்பத்தோரு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. அந்தப் பெருமையில இவருக்கும் ஒரு பங்கு உண்டு."

ஒரு பங்கா? அந்த நாற்பத்தொன்றே தம்பி எண்ணிச் சொன்ன கணக்கு. சாயங்கால ரயிலில் வந்து, கொல்லைக் கொட்டகையில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து கிடந்தவன் அவன். பதினாலையும் எழுதி டைப் அடித்தவனும் அவன். அச்சில் மேலே சபாபதியின் பெயர் மட்டும் இருக்கும். கடைசிப் பக்கத்து அடியில், பொடி எழுத்தில், 'உதவிய ஸ்தனிஸ்லாஸுக்கு நன்றி'. ஒரு தடவை அதுவும் விட்டுப்போயிற்று. கேட்டால், "அடுத்ததுல சேத்துப் போடுறேன்னு சொல்லியிருக்காருக்கா" என்பான்.

கட்டுரைப் பிரதி கேட்பவர்களுக்குத் தபால் அனுப்பும் வேலையும் நமக்கு எதற்கு என்று, சபாபதி கட்டுரைகளில் இந்த வீட்டு விலாசத்தையே அச்சிட்டிருந்தார். பிராக், கியோட்டோ என்று எங்கிருந்தெல்லாமோ அவர் பெயருக்குக் கார்டு வரும். தம்பி பிரதியை உறையில் போடுவான். அவள் விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பாள். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கார்டு; எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள்.

சபாபதி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. அவரோட நோட்டு ஒம்பது இருக்கும். கையோட கொண்டுபோனா பாக்கிக் கட்டுரையை முடிச்சிரலாம்."

சித்தப்பா மகன் ராயப்பராஜ் முந்திக்கொண்டான். "குடுத்துரு அக்கா. பெரிய மனுசன், அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காரு."

"அதுல யார் பேரு சார் போடுவீங்க?" என்று இன்னாசியம்மாள் சபாபதியைக் கேட்டாள்.

"நன்றியில இவர் பேரைக் கண்டிப்பா போடுவேன்."

சுவரோரம் நின்றிருந்த பேகம்பூர் கறிக்கடை அப்பாஸ் துண்டை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, வாரம் தவறாம இந்த சாரு எங்கிட்டதான் ஆட்டுத்தலை வாங்குவாரு. சூடு ஆறுறதுக்குள்ள வேணும்னு வந்து நிப்பாரு. நசுங்காம மூளையை எடுக்க எனக்கே சொல்லிக் குடுத்தாரு. உங்களத்தான் நான் ஒருநாளும் பாத்ததில்ல."

"ஏலே அப்பாஸு, சும்மா இரு" என்றான் ராயப்பராஜ்.

"சும்மாதான் இருக்கேன். மொத்தம் எத்தன தலைன்னு ஐயாட்ட கேளுங்க பாப்போம்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"உங்க கையைக் காட்டுங்க சார்" என்றாள் இன்னாசியம்மாள்.

யோசிக்காமல் சபாபதி கையை நீட்டிவிட்டார். சிவந்த, சுத்தமான விரல்கள். அவள் பெட்டிக்குள் பார்த்தாள். அவரும் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நோட்டைத் தரமாட்டேன்."

"விவரம் தெரியாம பேசுறீங்க. உங்களுக்கு அது எதுக்கு? கரையான்தான் திங்கும்."

"திங்கட்டும். கரையான் தன் பேரைப் போட்டுக்காதுல்ல?"

கார் கிளம்பும்போது கல்லறைக்குப் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அடக்கம் முடிந்து திரும்புகையில் கதவிடுக்கில் ஒரு கார்டு செருகியிருந்தது. பிராக்கிலிருந்து, பதினாலாவது கட்டுரைக்கு. அவள் கால் கழுவிவிட்டு மேசை முன் உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து பிரதியை எடுத்து, அச்சிட்டிருந்த பெயருக்கு மேலே, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவதைப்போல நிதானமாக, தம்பியின் பெயரை மையால் எழுதினாள். ஒற்றி, உறையிலிட்டு ஒட்டினாள்.

பிறகு பழைய கார்டுப் பெட்டியைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டில் முதல் கார்டை எடுத்து மைக்கூட்டில் சாய்த்து வைத்தாள். ஆள்காட்டி விரலில் மை கசிந்திருந்தது. அதைத் துடைக்காமல் புது உறை ஒன்றை இழுத்து, விலாசம் எழுத ஆரம்பித்தாள்.