படிக்கட்டுக்கு வாடகை

நோயில் கிடக்கிற வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது பத்மினியின் கொள்கை. ஒரு தோடம்பழமாவது கையில் இருக்க வேண்டும். அதனால்தான் மேல்வீட்டு நோஎமியின் மேல் அவளுக்கு உள்ளூர ஒரு கடுப்பு இருந்தது.

கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன பனி ஊரான லா ஷோ-து-ஃபோனில் அவர்கள் இருந்த வீட்டில் மூன்றே குடித்தனங்கள். கீழ்த்தட்டில் எண்பத்து நான்கு வயது மதாம் பிக்கார், நடுத்தட்டில் பத்மினியும் கணவர் இரவீந்திரனும், மேல்தட்டில் நோஎமி, அவள் கணவன் எலி, ஏழு மாதக் குழந்தை. மதாம் பிக்காரும் மேல்வீட்டாரும் யூதர்கள். ஊரிலிருந்த யூதக் கோயிலில் வழிபாடு நடத்துவதற்காக எலி போன புரட்டாசியில்தான் குடும்பத்தோடு வந்து சேர்ந்திருந்தான். அவன் தன் பெயரைச் சொன்ன அன்று பத்மினி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டுவிட்டாள். ஆறடி உயரமும் நெஞ்சுவரை தாடியுமாக நிற்கிற ஒருவனை எப்படி எலி என்று கூப்பிடுவது?

மார்கழியில் மதாம் பிக்கார் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடுதான் வீடு திரும்பினார். அன்றிலிருந்து நோஎமி நாள் தவறாமல் கீழே இறங்கிப் போனாள். ஒரு கையில் சாப்பாட்டுச் சட்டி, மறு இடுப்பில் பிள்ளை. ஆனால் சனிக்கிழமை வந்தால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனாள். சட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கடிகார முகப்புகளில் மயிரிழைக் கீறலையும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை பத்மினிக்கு. படி துடைக்கிற சாட்டில் இதை மூன்று சனிக்கிழமை பார்த்துவிட்டாள். ஆறு நாள் கொடுத்துவிட்டு ஏழாம் நாள் கையைச் சுருக்குகிற மனுசி என்ன மனுசி என்று நினைத்துக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை பின்னேரம் எலி வந்து கதவைத் தட்டினான். உள்ளே வந்து உட்கார்ந்தவன், தயங்கித் தயங்கி ஒரு பிராங் நாணயத்தை மேசையில் வைத்தான். படிக்கட்டிலும் முற்றத்திலும் உங்களுக்கு இருக்கிற பங்கை எனக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டான்.

இரவீந்திரன் நாணயத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

எலி விளக்கினான். வெள்ளி பொழுதுபடுகையிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்குச் சப்பாத், ஓய்வு நாள். அன்றைக்குத் தன் வீட்டிலிருந்து பலருக்கும் பொதுவான இடத்துக்கு எதையும் எடுத்துப் போகக் கூடாது. சட்டியும் சரி, நடக்கத் தெரியாத பிள்ளையும் சரி. ஆனால் மூடிய ஒரே முற்றத்தில் இருக்கிற வீடுகள் கூடி ஒரு ரொட்டியில் பங்கு வைத்துக்கொண்டால், அவை எல்லாம் ஒரே வீடு மாதிரி. பிறகு தாராளமாகக் கொண்டு திரியலாம். அவனும் மதாம் பிக்காரும் அப்படிப் பங்கு வைக்கத் தயார். இடையில் வேறு சமயத்தார் குடியிருந்தால் மட்டும், அவர்களுடைய பங்கை முறையாக வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முந்திய ஞானிகள் வைத்த சட்டம் இது என்றான். வீட்டை நிர்வகிக்கிற கந்தோரிலும் சொல்லிவிட்டானாம். அவர்கள் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்களாம்.

இரவீந்திரன் கடதாசிக்கும் ஒப்பந்தத்துக்கும் பயந்த மனிதர். அகதி முகாமில் இருந்த காலத்தில் வாசிக்காமல் ஒரு தாளில் கையெழுத்து வைத்து, உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு இரண்டு வருடம் அங்கத்தவராக இருந்தவர். யோசித்துச் சொல்கிறோம் என்று நாணயத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கதவு சாத்தியதும் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பிராங்குக்கு ஆரும் படிக்கட்டை வாடகைக்கு எடுப்பினமோ? உது வேறை ஏதோ. செய்வினை சூனியம் எண்டு ஊரிலை எத்தினை கேட்டிருக்கிறம். எங்கடை உரிமையை எங்கடை கையாலையே எழுதி வாங்கிற வேலை."

"அந்தப் பெடியன்ரை முகத்தைப் பாத்தால் சூனியம் செய்யிற முகம் மாதிரியோ இருக்கு?"

"செய்யிறவை முகத்திலை எழுதி ஒட்டிக்கொண்டே வருவினம்? நாங்கள் விடவேண்டாம். அவ்வளவுதான்."

பத்மினி விளக்கை அணைத்தாள். ஆனால் படுத்த பிறகும் மனம் சரியாக இல்லை. மூன்று சனிக்கிழமையாக அந்தப் பெண்ணைக் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று நினைத்தது அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் வேலை முடிந்ததும் இரண்டு தோடம்பழத்தோடு மதாம் பிக்காரிடம் போனாள். சமைத்ததைக் கொடுத்தால் அவர் சாப்பிட மாட்டார் என்பது முன்பே தெரியும். அவர்களுடைய சமையலுக்கு அத்தனை ஆசாரம். பழத்துக்குத் தடையில்லை. மெதுவாக விஷயத்தை எடுத்தாள்.

மதாம் பிக்கார் தோலை உரித்தபடியே சிரித்தார். ஐம்பது வருடமாக இந்த வீட்டில் அவர் ஒருத்திதான் யூதப் பெண். அப்போது எந்தச் சிக்கலும் இல்லை. வேறு சமயத்தார் நடுவே ஒரேயொரு யூதக் குடும்பம் இருந்தால் அந்தச் சட்டமே பொருந்தாதாம், இரண்டு யூதக் குடும்பம் சேர்ந்தால்தான் பொருந்துமாம்.

"எனக்கு உதவி செய்ய ஆள் வந்த பிறகுதான் எனக்குக் கஷ்டமே வந்தது" என்றார். பிறகு ஒரு சுளையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "உங்களை வற்புறுத்த வேண்டாம் என்று எலியிடம் சொன்னேன். குளிர்ந்த சாப்பாடு எனக்குப் பழக்கம். ஆனால் சனிக்கிழமை நீளமான நாள், மதாம். தொலைக்காட்சி போடமாட்டேன், தொலைபேசி எடுக்கமாட்டேன். மேலே பிள்ளை சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்."

வெள்ளிக்கிழமை பத்மினிக்குத் தொழிற்சாலை வேலை மத்தியானத்தோடு முடிந்தது. அதிகாலை வேலைக்குப் போய் வந்த இரவீந்திரன் சாப்பிட்டுவிட்டு அயர்ந்து தூங்கினார். பத்மினி அவரை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு மேலே ஏறினாள்.

மேல்வீட்டில் ஊரே மணக்கிற மாதிரி ரொட்டி வெந்துகொண்டிருந்தது. நோஎமி மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். எலி ஓடி வந்து கதிரை போட்டான். பத்மினி சுற்றி வளைக்காமல், தன் கணவருக்குப் பயமாக இருக்கிறது என்றாள். என்ன பயம் என்று எலி கேட்டான். சூனியத்துக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் கையைச் சுழற்றி, கண்ணை உருட்டி, கடைசியில் எப்படியோ புரியவைத்தாள்.

எலிக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். அவனோ துள்ளி எழுந்து, அலமாரியிலிருந்து ஆட்டுக்கல் பாரத்தில் ஒரு புத்தகத்தை இறக்கினான். பக்கத்தைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்தான்.

"இதோ, எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாடகைக்கு விடமாட்டார், ஏனென்றால் சூனியம் செய்யப் போகிறார்கள் என்று சந்தேகப்படுவார். மதாம், உங்கள் கணவர் எங்கள் புத்தகத்திலேயே இருக்கிறார்!"

நோஎமி மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்மினிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பினூடே ஒன்று இடறியது. அவர் விடமாட்டார் என்று தெரிந்துகொண்டே ஏன் அப்படிச் சட்டம் வைத்தார்கள் என்று கேட்டாள்.

எலி புத்தகத்தைத் திறந்தபடியே மேசையில் வைத்தான். பிறகு மறைக்காமல் சொன்னான். அந்த ஞானிகளுக்கு அயலாரோடு கலப்பதில் பயம் இருந்தது. வாடகை பேசுவது தொல்லை என்று தம் ஆட்கள் வேறு முற்றம் தேடிப் போகட்டும் என்று நினைத்தார்கள்.

"அப்படியெண்டால் நாங்கள் ஒத்துப்போகக் கூடாது எண்டுதான் உங்கடை பெரியவை நினைச்சிருக்கினம்" என்று பத்மினி தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு அதையே பிரெஞ்சில் திருப்பிச் சொன்னாள்.

"தொடக்கத்தில், ஆம்" என்றான் எலி. "ஆனால் மனிதர்கள் வேறு முற்றம் தேடிப் போகவில்லை. அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தார்கள். அதனால் பிறகு வந்தவர்கள் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். வாடகை மிகச் சின்ன நாணயத்தைவிடக் குறைவாக இருந்தாலும் போதும் என்றார்கள். எழுத்து வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் இல்லாவிட்டால் வேலையாளிடம் பேசினாலும் செல்லும் என்றார்கள்."

அவன் அடுத்ததைச் சொல்லலாமா என்று நோஎமியைப் பார்த்தான். நோஎமியே சொன்னாள். "கணவருக்குத் தெரியாமல் மனைவி வாடகைக்கு விட்டாலும் செல்லும்."

பத்மினிக்கு அந்தப் பழைய ஞானிகளை அந்த நிமிடத்திலிருந்து பிடித்துப்போயிற்று. குடும்பம் நடத்தத் தெரிந்த ஆட்கள்.

எலி பிராங்கை எடுத்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வாடகை காசாகத்தான் இருக்க வேண்டுமா, அந்த ரொட்டி ஒன்றைத் தந்தால் ஆகாதா என்று கேட்டாள். தாராளமாக ஆகும் என்றான் எலி. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய, முப்பிரிப் பின்னல் போட்டு எள்ளுத் தூவிய ரொட்டி ஒன்றை நோஎமி துணியில் சுற்றி அவள் கையில் வைத்தாள். படிக்கட்டிலும் முற்றத்திலும் எங்கள் பங்கை உங்களுக்குத் தருகிறேன் என்று பத்மினி வாயால் சொன்னாள். எலி எழுந்து நின்று அதைக் கேட்டான். கோயில் மண்டபத்தில் நிற்கிறவனைப் போல அவன் முகம் இருந்தது. பிறகு கையெழுத்து ஒன்றும் கேட்காமல், தட்டையான மொறுமொறு ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, மதாம் பிக்காரோடு பங்கு வைக்கக் கீழே ஓடினான். பொழுதுபட இன்னும் இரண்டு மணித்தியாலந்தான் இருந்தது.

நாலு மணிக்கு இரவீந்திரன் எழும்பினார். தேத்தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அரை ரொட்டியைத் தின்றுவிட்டு, எந்தக் கடையில் வாங்கினனீர், இனி உதையே வாங்கும் என்றார். பத்மினி சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டபடி, பக்கத்திலைதான் என்றாள்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குப் படியில் காலடி கேட்டது. இரவீந்திரன் கதவு இடுக்கால் பார்த்தார். நோஎமி சூப்புச் சட்டியோடு முன்னே இறங்க, எலி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கீழே மதாம் பிக்காரின் சிரிப்புக் கேட்டது. கிழவிக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இஞ்சேரும், இவை எங்கடை பங்கு இல்லாமலே சமாளிச்சிட்டினமோ?"

"இல்லை. வாடகை தந்திட்டினம்."

"ஆரிட்டை?"

"என்னட்டை. நீங்கள் நேற்றுத் தேத்தண்ணியிலை தோய்ச்சுச் சாப்பிட்டனீங்களே, அதுதான்."

இரவீந்திரன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை. கீழேயிருந்து பிள்ளையின் கிலுகிலுப்பான சத்தமும் கிழவியின் சிரிப்பும் மாறி மாறி வந்தன. அவர் கதவைச் சாத்தாமல் நின்று கேட்டார். பிறகு, என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் என்றார். கேட்டிருந்தால் விட்டிருப்பீங்களோ என்று பத்மினி கேட்டாள். அவர் பனிச் சப்பாத்துகளைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னலால் பார்த்தபோது அவர் முற்றத்தில் பனி வழித்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலிலிருந்து சுவரோரத்து வெயில் வரை, இரண்டு பேர் அகலத்துக்கு நேராக ஒரு வழி. அந்த வேலை நிர்வாகக் கந்தோர் அனுப்புகிற ஆளுடையது. பத்மினி ஜன்னலைத் திறந்து, உதென்ன புதினம் என்று கேட்டாள்.

"வாடகைக்கு விட்டால் இடத்தைத் துப்புரவாய் வைச்சிருக்க வேணும்" என்றார் நிமிராமலே.

அடுத்த சனிக்கிழமை மதாம் பிக்கார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பளிக்குள் சுருண்டபடி அந்த வழியால் வெயிலுக்கு வந்தார். எலி நாற்காலியைத் தள்ளினான். வாசற்படியில் நாற்காலிச் சில்லு ஒருமுறை நன்றாக இடித்தது. மதாம் பிக்கார் மண்வெட்டியோடு நின்ற இரவீந்திரனைப் பார்த்து, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், வாடகைக்காரர் சார்பில் ஒரு முறைப்பாடு என்றார். வாசல் சரியில்லை.

இரவீந்திரன் குனிந்து வாசற்படியை நான்கு விரலால் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் மரம் அறுக்கிற வாள் சத்தம் கேட்டால் அயல் வீட்டார் பொலிசைக் கூப்பிடுவார்கள். அதனால் திங்கட்கிழமை வேலையால் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், நாற்காலி இடிக்காமல் இறங்க வாசற்படியில் சரிவாக வைக்கப் பலகை அறுக்கத் தொடங்கினார்.